சின்னதுகளுக்கு முதல் வண்டி

கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தாராபுரம் பக்கத்து விவசாயி ஒருவர், தேய்ந்துபோன பம்ப் இம்பெல்லரைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு முன்பே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். போனில் பேசியது சென்னியப்பன் அண்ணனின் மருமகன். "மாமா விடியக்காலம் தவறிட்டாருங்க" என்றார். சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டு, விவசாயிக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்தேன். அளவு மாற்றிக் கொடுத்திருக்கிறேன் என்பது மறுநாள் அவர் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே அளவு சொல்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு.

கணபதி ஏரியாவில் அண்ணன் வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "பேரன் பேத்தி எடுத்தாச்சு. பொண்ணுகளக் கட்டிக் குடுத்தாச்சு. படுக்கைல கெடந்து சீரழியாமப் போயிட்டாரு. நல்ல சாவுங்க." பக்கத்தில் இருந்தவர், "அப்பறம், வயசும் ஆச்சுதல்லங்க" என்றார். இதே வார்த்தையை நானும் எத்தனையோ வீட்டுப் பந்தலில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்து தள்ளிப் போய் நின்றேன். அண்ணனுக்கு அறுபத்து நான்கு வயதுதான். எங்கள் வியாபாரிகள் சங்கத்து இதழில் அவரைப் பற்றி எழுதச் சொன்னபோது நான் ஒப்புக்கொண்டதே அந்த வார்த்தைக்குப் பதில் சொல்லத்தான். நல்ல சாவு என்று எழுத என் கை வரவில்லை. அது வேண்டாத சாவு.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அவரை லாரி புக்கிங் ஆபீஸ்காரராகத் தெரியும். மீதிப் பேருக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் ரத்தத்துக்கு ஆள் சேர்ப்பவராகத் தெரியும். எனக்கு அவர் பழக்கமானது சரக்கு வழியாக. சைக்கிள் கேரியரில் பேரிங்கும் புஷ்ஷும் கட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாகப் போய்ப் போட்டுக்கொண்டிருந்தவன் நான். ஹூப்ளியிலிருந்து முதல் ஆர்டர் வந்தது. இரண்டே பெட்டி. காந்திபுரத்தில் நான் ஏறி இறங்கிய ஆபீஸிலெல்லாம், இதற்கா ஒரு ரசீது என்பதுபோல் பார்த்தார்கள். அண்ணன் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஏந்தம்பி, ரெண்டு பொட்டின்னு இப்பிடிக் கூச்சப்படறே? வண்டிக்கு அது தெரியவா போகுது? வெய்யி அங்க" என்றார். அன்றிலிருந்து என் சரக்கு வேறு ஆபீஸுக்குப் போனதில்லை.

அவருக்குச் சொந்தமாக ஒரு லாரியும் கிடையாது. எந்த வண்டி எங்கே காலியாக நிற்கிறது, எந்த லோடு எங்கே வண்டியில்லாமல் கிடக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் அவர் தொழில். ஆபீஸ் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கும். சுண்ணக்கட்டியால் எழுதி எழுதி அழிப்பார். "லோடு இருந்தா வண்டியத் தேடு, வண்டி இருந்தா லோடத் தேடு. ரெண்டும் இல்லைன்னா டீ குடி. சும்மா மட்டும் இருக்காதே" என்பார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவர் கொடுத்த பயிற்சியெல்லாம் அவ்வளவுதான்.

ரத்த வேலைக்கு அவர் வந்தது முருகேசன் என்கிற டிரைவரால். முருகேசனின் பையனுக்கு எட்டு வயதில் ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். ரத்தம் ஏற்ற வேண்டும், ஏற்றுகிற ஒவ்வொரு பாட்டிலுக்கும் பதிலாக ஓர் ஆள் வந்து கொடுக்க வேண்டும் என்றார்கள். நம் பக்கத்தில் இது பெரிய வம்பு. சீர் என்றால் வண்டி கட்டி வருவார்கள், எழவு என்றால் ஊரே வரும், ரத்தம் என்றால் ஒருவரும் வரமாட்டார்கள். முருகேசனின் மச்சினன் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்துவிட்டு, அவசரச் சோலி என்று டவுன் பஸ் ஏறிப் போய்விட்டான். அண்ணன் தன் ஆபீஸ் லோடுமேன்களை மொத்தமாக ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். ரத்தம் கொடுத்தால் மூட்டை தூக்க முடியாது என்று அவர்கள் கீழே இறங்க மறுத்தார்கள். "மொதல்ல நான் படுக்கறேன். நான் செத்துப்போட்டா நீங்க வண்டிய எடுத்துட்டு ஊட்டுக்குப் போயிருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். ஊசியைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அந்த நர்ஸம்மாவின் சொந்த ஊர் எது, எந்த பஸ், எத்தனை ஏக்கர் என்று கேட்க ஆரம்பித்தார். எழுந்ததும் கொடுத்த ஜூஸைக் குடித்துவிட்டு, "இன்னொண்ணு குடுப்பீங்களா, நாளைக்கும் வாரேன்" என்றார். லோடுமேன்கள் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள்.

பையன் பிழைக்கவில்லை. அந்தக் காலத்தில் அந்த நோய் வந்த குழந்தைகளில் வீடு திரும்பியவர்கள் அபூர்வம். அடக்கம் முடிந்து வந்த அண்ணன் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டார். இடது பக்கம் லாரி. வலது பக்கம் ரத்த குரூப்பும் அந்தந்த குரூப்பில் கொடுக்கத் தயாராக இருக்கிற ஆட்களின் பெயரும். அதன் பிறகு அந்த வலது பக்கம் அழியவேயில்லை.

வருடங்கள் போகப்போக அவரிடம் ஒரு மாற்றத்தைப் பார்த்தேன். வராந்தாவிலிருந்து வரும்போது முகம் தொங்கிப்போய் வருகிறவர், உற்சாகமாக வர ஆரம்பித்தார். ஒரு நாள் ஆர் எஸ் புரம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் கடைக்கே வந்துவிட்டார். "போன வருஷம் மொட்டையாக் கெடந்துச்சல்ல ஒரு பையன், சூலூர்க்காரன். செக்கப்புக்கு வந்து நிக்கறான் தம்பி, தலை நெறைய முடியோட. எனக்கு அடையாளமே தெரியலை. மாமான்னு கையப் புடிக்கறான்." அப்படி ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ரத்த நோய்களைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன். குழந்தைகளுக்கு வருகிற வகைக்கு மருந்துகளை எந்த வரிசையில், எவ்வளவு நாள் கொடுப்பது என்று இப்போது நன்றாகத் தெரிந்துவிட்டது, நடுவில் ரத்தம் வற்றிப்போகிற நாட்களைத் தாண்ட வைத்துவிட்டால் பல குழந்தைகள் கரையேறிவிடுகின்றன என்று சொன்னார். "அந்த நாளைத் தாண்ட வெக்கறது உங்க அண்ணன் கூட்டிட்டு வர்ற ஆளுகதான்" என்றார்.

அண்ணன் படித்தது ஐந்தாவது வரை. ஆனால் எந்த ரூட்டில் எத்தனை வண்டி பழுதாகி நின்றுவிடுகிறது என்று கவனிக்கிறவர் அல்லவா, இதையும் அப்படியே கவனித்து வைத்திருந்தார். வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து அவராக ஒரு கணக்குக்கு வந்திருந்தார். "சின்னதுக இப்பெல்லாம் எச்சாப் பொழைக்குதுக. நடு வயசுக்காரங்க அப்பிடியும் இப்பிடியும். நம்ம வயசுல வந்தா அவ்வளவுதான். அன்னைக்கும் அதேதான், இன்னைக்கும் அதேதான்." இதைப் பெருமையாகவே சொல்வார். கணக்கு தெளிவாக இருந்ததால் அதிலிருந்து ஒரு விதியும் செய்துகொண்டார்: சின்னதுகளுக்கு முதல் வண்டி. இரண்டு பேருக்கு ஒரே குரூப் ரத்தம் வேண்டும், ஆள் ஒருவர்தான் என்றால் அவர் யோசிக்கவே மாட்டார். யாரும் அதைத் தப்பென்று சொன்னதும் இல்லை. நானும் சொல்லவில்லை. கேட்கும்போது நியாயமாகத்தானே இருக்கிறது.

ஒருவர் மட்டும் சொன்னார். நான் ரத்தம் கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு நாள். கிணத்துக்கடவு பக்கத்துப் பெரியவர் ஒருவரை மகன்கள் காரில் கூட்டி வந்திருந்தார்கள். பெரியவர் வெளியே மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருக்க, மகன்கள் உள்ளே போய் நோயின் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் அண்ணனிடம், "அறுபத்தெட்டு ஆச்சுங்க. இனி எதுக்குங்க ஊசி குத்தி இம்சை பண்ணிக்கிட்டு. ஊட்டுலயே வெச்சு நல்லபடியாப் பாத்துக்கறோம்" என்றார். அண்ணன் தலையாட்டி, "வெவரமான முடிவுங்க" என்றார். பின்னால் நின்றிருந்த டாக்டரம்மாவை அவர் கவனிக்கவில்லை.

"ஏனுங்க சென்னியப்பன், நீங்க எப்பலிருந்து டாக்டரு?" என்றார் அவர். அண்ணன் எழுந்து நின்றார். "இல்லீங்மா, வயசானவங்க பொழைக்கறதில்லைன்னு..."

"வர்றதே முக்கால்வாசி முத்தினதுக்கப்பறம். வந்தவங்களயும் பேரைக் கேட்டதும் கார்ல ஏத்திட்டுப் போயிடறாங்க. அப்பறம் எப்படிங்க பொழைப்பாங்க? உங்க கணக்குல பாதி நோய் போடற கணக்கு. பாதி நீங்களாப் போடற கணக்கு."

வயதானவர்களின் உடம்பு அந்தக் கடுமையான மருந்துகளைத் தாங்குவது கஷ்டம்தான், அதை மறுக்கவில்லை என்றும் சொன்னார். ஆனால் அவர்களுக்கு வருவதில் மெதுவாகப் போகிற வகைகளும் உண்டு, மாத்திரையிலும் கவனிப்பிலும் வருடக்கணக்கில் ஓட்டலாம், எல்லாவற்றையும் ஒரே பெயரில் போட்டு மூட்டை கட்டிவிடுகிறீர்கள் என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "மூட்டை கட்டறது எங்க தொழிலாச்சுங்களே" என்றார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மரத்தடியில் டம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் பெரியவர் காரில் ஏறினார். யாரோ கதவைச் சாத்தினார்கள்.

இது நடந்து கொஞ்ச காலத்துக்குப் பிறகு, நல்ல சித்திரை வெயிலில் அண்ணன் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். "ஏனுங்ணா, ஊட்டிக்கு வண்டி ஏர்றீங்களா?" என்றேன். துண்டை விலக்கிக் காட்டினார். கழுத்தின் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. "எங்கம்மாகிட்டப் போயிட்டு வந்துட்டேன்" என்றார். டாக்டரம்மாவை அவர் அப்படித்தான் சொல்வார். "நம்ம வராந்தா நோய்தான். ஆனா இது பொட்டி வண்டியாட்ட மெதுவாப் போற வகையாம். மாத்திரை எழுதியிருக்குது. ரத்தம் கொறையுது, அப்பப்ப ஏத்திக்கோணும்னு சொல்லுச்சு." இதையெல்லாம் யாருடைய சரக்கையோ பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

மாத்திரை சாப்பிட்டார். ரத்தம் மட்டும் ஏற்றிக்கொள்ளவில்லை. காரணம் என்னவென்று அவர் சொல்லவில்லை, அவர் மனைவி சரஸ்வதியக்காதான் சொன்னார். அவருடையது ஓ நெகட்டிவ். ஆயிரம் பெயர் எழுதியிருந்த அந்தப் பலகையில் அந்த வரிசை மட்டும்தான் எப்போதும் சின்னது. அதே சமயம் வார்டில் அதே குரூப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. சோமனூர் விசைத்தறிக்காரர் மகள், ஆறு வயது. அண்ணனோடு அதற்கு நல்ல பேச்சு. "தாத்தா, உங்க லாரிக்கு என்ன ஹாரன்?" என்று கேட்கும். "எனக்கு லாரியே இல்ல அம்மணி. ஊரான் லாரிக்குத்தான் நான் அதிகாரி" என்பார். "அப்பறம் எதுக்கு ஆபீஸு?" என்று அது திருப்பிக் கேட்கும்.

"ஏனுங்க, நீங்களே சொல்லுங்க" என்றார் சரஸ்வதியக்கா என்னிடம். "அந்தப் புள்ள நல்லா இருக்கட்டும், வேண்டாங்கலை. இவரு ஒரு பாட்டில் ஏத்திக்கிட்டா அது கொறஞ்சா போயிரும்? கேட்டா, பலகையப் பாரு, அஞ்சாறு பேருதான் இருக்கறாங்கங்கறாரு. எனக்குப் படிக்கத் தெரியாதுங்கறது இவருக்கு வசதியாப் போச்சு."

நான் வியாபாரி. சரக்கு குறைவாக இருக்கிறது என்றால் இருப்பதைப் பங்கு போடுவது ஒரு வழி, கொள்முதலைக் கூட்டுவது இன்னொரு வழி. இரண்டாவதைச் செய்து பிழைத்தவன் நான். என் கஸ்டமர்களை வைத்தே தேடினேன். மதுக்கரையில் சிமெண்ட் ஆலைத் தொழிலாளி ஒருவர் கிடைத்தார். சரவணம்பட்டிப் பக்கத்துக் காலேஜ் ஹாஸ்டலில் தாடி வைத்த பையன் ஒருவன், "ரத்தம் குடுத்தா எக்ஸாம்ல மறந்து போயிருமா அண்ணா?" என்று கேட்டான். மறந்துபோக உன்னிடம் என்ன இருக்கிறது என்று அவன் கூட்டாளிகள் கேட்டார்கள். டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர், டூட்டி மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றார். யாருமே அண்ணன் பலகையில் இல்லாத ஆட்கள். அவர்கள் பெயர்களைக் கொண்டுபோய் அவர் முன்னால் சொன்னேன்.

"இது புதுச் சரக்குங்ணா. உங்க வார்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. உங்களுக்குன்னே கொள்முதல் பண்ணுனது. இப்ப என்ன சொல்றீங்க?"

பெயர்களை விரல் விட்டு எண்ணினார். பிறகு, "நீ கெட்டிக்காரன் தம்பி. சைக்கிள்ல வந்தப்பவே நெனச்சேன்" என்றார். திங்கட்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டார். யார் யார், எந்த ஊர், எப்படிக் கூப்பிடுவது என்று விசாரித்துக்கொண்டார். தொழில் பழக்கம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை சொன்ன நேரத்துக்கு முன்பே, குளித்து விபூதி பூசி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். கட்டிலில் படுத்துக்கொண்டு, "நான் வந்துட்டேனப்பா. ரத்தம் எங்க?" என்று கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் ரத்த வங்கிக்குப் போனேன். என் ஆட்கள் மூவரும் சனிக்கிழமையே வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சோமனூர்க் குழந்தையின் பெயரில். அண்ணன் சொன்னார் என்று சொன்னார்களாம். இனி மூன்று மாதத்துக்கு அவர்களிடம் எடுக்க முடியாது.

திரும்பி வந்து கோபத்தில் கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "சனிக்கிழமை லோடு வந்துருச்சு தம்பி. அந்தப் புள்ளைக்கு மூக்குல ரத்தம் நிக்கலை. உன்ற வண்டி மூணும் சும்மா நிக்குது. லோடு கெடக்கறப்போ காலி வண்டிய நிறுத்தி வெக்கறவன் புக்கிங் ஆபீஸ் வெக்கலாமா?"

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கென்ன அவசரம்? எனக்கு மெதுவாப் போற வகைன்னுதான எங்கம்மாவே சொல்லியிருக்குது."

விலை பேசுவதில் நான் தோற்று வெளியே வந்தது குறைவு. அன்று தோற்றேன். வாசல் கடையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், அதையும் குடித்தேன்.

அந்தக் குழந்தை பிழைத்தது. அதை இங்கே எழுதியே ஆகவேண்டும். பள்ளிக்கூடம் போகிறது என்று கேள்விப்பட்டேன். அதன்மேல் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. டாக்டரம்மா எங்கெங்கோ கேட்டு ஈரோட்டிலிருந்து ஒரு பாட்டில் வரவழைத்தார். அண்ணன் திட்டு வாங்கிக்கொண்டு ஏற்றிக்கொண்டார். ஒரு வாரம் ஆபீஸில் உட்கார்ந்து எல்லோரையும் அதட்டினார். சரஸ்வதியக்கா ஆளனுப்பி என்னிடம் சொன்னார், ராத்திரிச் சாப்பாடு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார் என்று. ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வருகிற சளிக்காய்ச்சல்தான் என்று வீட்டிலேயே கிடந்தார். நெஞ்சில் சளி கட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரத்தம் வற்றிப்போன உடம்பு, அதைத் தாங்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் அழுகிற ஆள் இல்லை. மேசையில் இருந்த பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடி, "அவருக்கு வந்ததுக்கு இன்னும் சில வருஷம் ஓட்டியிருக்கலாம்" என்றார். "நிச்சயம்னு சொல்ல மாட்டேன். ஆனா சான்ஸ் இருந்துச்சு. குழந்தைக்கா எனக்கான்னு அவரா ஒரு கேள்வி வெச்சுக்கிட்டு, அவராவே பதிலும் சொல்லிட்டாரு. ரெண்டு பேருக்கும் குடுத்திருக்கலாங்க. ரெண்டுல ஒண்ணுன்னு யார் சொன்னா அவருக்கு?"

நான் நினைத்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. அப்படியில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அவர் வீட்டு உறவுக்காரர்கள், சங்கத்துக்காரர்கள், எங்களில் யாராவது உரக்கச் சொல்லியிருந்தால் அவர் சண்டைக்காவது வந்திருப்பார். அவர் வேண்டாம் என்றபோது எங்களுக்குள்ளும் எங்கோ ஒரு மூலையில், 'அவரும் வயசானவர்தானே' என்று ஒரு தலையாட்டல் இருந்திருக்கிறது. அவர் நன்றாகவே காது கேட்கிற மனிதர். அவருக்கு அது கேட்டிருக்கும்.

மாதம் முடிந்ததும் அவர் ஆபீஸ் வாசலில் ஒரு ரத்ததான முகாம் வைத்தோம். அவர் பெயரைச் சொன்னதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. டிரைவர்கள், கிளீனர்கள், எதிர்த்த வீட்டு டெய்லர் எல்லோரும் வந்தார்கள். "அண்ணனுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங் குடுத்திருக்க மாட்டனுங்களா? ஒருத்தரும் சொல்லலியே" என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். வந்ததில் புதிதாக இரண்டு பேருக்கு ஓ நெகட்டிவ் இருந்தது. ஒருவர் நாமக்கல் கிளீனர். இன்னொருவர் ஆபீஸுக்கு எதிர்க்கடை டீ மாஸ்டர், அண்ணனுக்குத் தினமும் டீ போட்டுக் கொடுத்தவர். குரூப்பைச் சொன்னபோது அவர் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது அந்த வராந்தா வேலையை நானும் அவர் ஆபீஸ் ஆட்களும் பார்க்கிறோம். அண்ணனிடமிருந்து எனக்கு வந்த சொத்து இது. அவர் மாதிரி எனக்குப் பேச வராது. சிரிக்க வைக்கத் தெரியாது. ஆனால் ஆள் சேர்க்கத் தெரியும், பேரம் தெரியும், விடாமல் நச்சரிக்கத் தெரியும். சும்மா இருக்காதே என்று அவர் சொன்னதை வைத்துக்கொண்டேன். இரண்டு பெட்டிக்காரனையும் மதிப்பதை வைத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. முதல் வண்டி, இரண்டாம் வண்டி என்கிற பேச்சு எங்களிடம் கிடையாது. ஆள் போதவில்லை என்றால் இன்னும் ஆள் தேடுகிறோம். அண்ணன் இருந்தால் இதற்கு என்னோடு சண்டை போடுவார். போடட்டும் என்றுதான் ஆசை.

போன வாரம் பல்லடத்திலிருந்து ஒருவரை அவருடைய மகன்கள் கூட்டி வந்திருந்தார்கள். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதை நெருங்கும் வயது. மகன்கள் நல்லவர்கள். அப்பாவுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, தூணுக்கு அந்தப் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். என்ன பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சென்னியப்பன் அண்ணனிடம் எத்தனையோ பேசினேன், ஆள் சேர்த்தேன், சத்தம் போட்டேன். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்காமல் விட்டேன். அதை இவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கோணும்னு இருக்குதுங்களா?"

அவர் தூண் பக்கம் ஒரு முறை பார்த்தார். இளநீரைக் கீழே வைத்தார்.

"இருக்குதுங்க" என்றார். "ஆனா இந்த வயசுல அத நாஞ் சொன்னா நல்லா இருக்காதுங்களே."

நான் எழுந்து மகன்களிடம் போனேன்.